சூடானால் திக்கும் வண்டி



பல வாரங்களாக இப்பக்கத்தில் எழுத இயலவில்லை. பள்ளி வேலை ஒரு காரணம். அப்பாவின் மோட்டார் சைக்கிள் மற்றொரு காரணம். ஆசிரியை ஒருத்தி வண்டிப் பழுதைப் பற்றி எழுதுவதா என்று வியக்க வேண்டாம். அந்த வண்டியினால் என் வகுப்பறையில் நான் செய்துகொண்டிருந்த ஒரு பிழை எனக்குத் தெரியவந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் வண்டியின் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

அப்பா 1979-ஆம் ஆண்டில், நான் பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பு, அந்த ஹோண்டா சி70 வண்டியை வாங்கினார். 72 சி.சி. இயந்திரம், மூன்று கியர், கையில் கிளட்ச் கிடையாது. பினாங்கில் இவ்வகை வண்டி இல்லாத தெருவே அக்காலத்தில் இல்லை எனலாம். பேருந்து கழுவியும் பட்டறை வேலை பார்த்தும் இத்தீவில் முன்னேறிய லோ பூன் சியூ என்பவர் 1958-இல் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களின் விற்பனை உரிமையைப் பெற்றார். சூப்பர் கப் என்னும் இந்த வண்டிக் குடும்பம் ஜப்பானில் பிறந்ததும் அதே 1958-இல்தான். அன்று முதல் மீன்காரர், தபால்காரர், துறைமுகத் தொழிலாளி, தமிழாசிரியர் என எல்லாரையும் இவ்வண்டிகள் சுமந்திருக்கின்றன. அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். முன்னால் தம்பி, பின்னால் அம்மா, இடையில் நான் எனச் சுங்கை பினாங்கிலிருந்து தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை வரை அந்த வண்டியில் போயிருக்கிறோம்.

2014-இல் அப்பா காலமானார். 2017 அக்டோபரில் உலகெங்கும் உற்பத்தியான சூப்பர் கப் வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தொட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த மாதம், நவம்பர் 4-ஆம் தேதி இரவு, பினாங்கைப் புரட்டிப் போட்ட அந்தப் பெருமழையில் எங்கள் வண்டி இருக்கை வரை வெள்ளத்தில் நின்றது. சுங்கை பினாங் ஆற்றின் அருகில் வாழ்பவர்களுக்கு அந்த இரவை நான் விவரிக்க வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்த பின் எண்ணெயை வடித்து, கார்பரேட்டரைக் கழுவி, வெயிலில் காயவைத்தோம். வண்டி ஓடியது. பிறகு பெரும்பாலும் தாழ்வாரத்தில் துணி போர்த்தி நின்றது.

சென்ற ஆண்டு இறுதியில் அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்தேன். அப்போதுதான் தொல்லை தொடங்கியது.

காலையில் முதல் உதையிலேயே இயந்திரம் கிளம்பும். சீராக ஓடும். ஜாலான் பேராக் தாண்டி, டத்தோ கெராமாட் சாலையைக் கடக்கும் வரை ஒரு குறையும் இராது. ஆயர் ஈத்தாம் சாலையில் ஏறிச் சில நிமிடங்களில் திக்கத் தொடங்கும். முறுக்கினால் இருமும். சமிக்ஞை விளக்கில் நின்றால் இயந்திரத்தின் ஓசை ஏறியும் இறங்கியும் தடுமாறி, இறுதியில் அணைந்துவிடும். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால், ஒன்றும் நடவாததுபோல் மறுபடியும் ஓடும்.

சீரற்ற ஓட்டம் ஏன் அவ்வளவு எளிதாகக் காதில் விழுகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நின்ற நிலையில் இந்த இயந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1500 முறை சுழலும். இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரிபொருள் எரியும். ஆக, நொடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் எரிய வேண்டும். ஒரே சிலிண்டர் என்பதால், ஒரு முறை தவறினாலும் ஈடுசெய்ய வேறொன்று இல்லை. தவறுவதைக் கேட்பது எளிது. ஏன் தவறுகிறது என்று அறிவதுதான் கடினம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய்ப் புதிய கார்பரேட்டர், புதிய பிளக், புதிய பாயிண்ட் மூன்றையும் வாங்கி வந்து, ஒரே பிற்பகலில் மூன்றையும் மாற்றினேன். ஏறக்குறைய இருநூறு வெள்ளி செலவு. மறுநாள் வண்டி முன்னிலும் மோசமாகத் திக்கியது. இப்போது குளிர்ந்த நிலையிலும் ஓட்டம் சரியில்லை. மூன்றில் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று. இரண்டு வாரங்களில் பாயிண்ட் கருகியது. அரம் வைத்துத் தேய்த்தேன். மீண்டும் கருகியது, மீண்டும் தேய்த்தேன்.

"வித்துடுக்கா. பழைய வண்டி சேகரிக்கிறவங்க நல்ல விலை கொடுப்பாங்க," என்றான் தம்பி. பொங்கலுக்குள் சரியாகாவிட்டால் விற்றுவிடலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அப்பாவின் நண்பர் ஒருவர் ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருந்தவர். ஃபோர்மேன் மாமா என்றே அவரை அழைத்து வளர்ந்தோம். எழுபது வயதைக் கடந்துவிட்டார்; கை நடுக்கத்தால் பட்டறையை மூடிவிட்டார். விற்பதற்கு முன்பு ஒரு விலை கேட்கலாம் என்றுதான் அவரைப் பார்க்கப் போனேன். அவர் விலை சொல்லவில்லை. மறுநாள் மாலை வீட்டுக்கு வந்து, தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார்.

"எனக்குக் கை நிக்காதும்மா. நான் கேக்கிறேன், நீ செய்," என்றார்.

என்ன மாற்றினேன் என்று நான் பட்டியலிடத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அதெல்லாம் அப்புறம். எப்போ திக்குது?"

இந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. திக்குகிறது என்பதை மட்டுமே அறிந்திருந்தேன். கிளம்பி எத்தனை நிமிடம் கழித்து? மேட்டிலா, சமதரையிலா? மழை நாளிலா, வெயிலிலா? விளக்குப் போட்டிருக்கும்போதா? என்னிடம் விடை இல்லை.

அவர் சொன்ன முதல் வேலை, புதிய கார்பரேட்டரைக் கழற்றிவிட்டுப் பழையதைத் திரும்பப் பொருத்துவது. "கெட்டுப் போகாததை ஏன் மாத்தினே?" என்று கேட்டார். பழையதைப் பிரித்து, துளைகளைக் காற்றடித்துத் துப்புரவு செய்து பூட்டியதும், குளிர்ந்த நிலையிலான தொல்லை நீங்கிற்று. அது நானே உண்டாக்கிய தொல்லை. மிஞ்சியது பழைய தொல்லை மட்டும்.

அதன் பிறகு மூன்று நாள் மாலையில் அவர் கேட்க, நான் செய்தேன். எந்த வரிசையில் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் பெற்றோர் எவருக்கேனும் பயன்படலாம்.

1. வண்டியை ஓட்டிப்போய், திக்கும் இடத்திலேயே நிறுத்தி, இருக்கையைத் தூக்கிப் பெட்ரோல் கலத்தின் மூடியைத் திறந்தேன். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால் கலத்துக்குள் காற்று நுழையாது. பெட்ரோல் இறங்குவது மெல்ல மெல்லக் குறையும். அப்படியானால் மூடியைத் திறந்தவுடன் ஓட்டம் சீராகும். சீராகவில்லை. ஆக, காரணம் அதுவன்று.

2. திக்கும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தேன். கார்பரேட்டருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையில் காற்றுக் கசிந்தாலோ, பெட்ரோல் போதாவிட்டாலோ, சோக்கை இழுத்தால் ஓட்டம் சற்றுத் தேறும். எங்கள் வண்டி இன்னும் மோசமாயிற்று. ஆக, பெட்ரோல் குறை என்று சொல்ல முடியாது.

3. மறுநாள் காலை, இயந்திரம் நன்கு குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியை அளந்தேன். இவ்வண்டிக்கு 0.05 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமற் போனால், சூட்டில் வால்வு முழுமையாக மூடாது. அளவு சரியாகவே இருந்தது.

4. காலையில் பிளக்கைக் கழற்றி, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.க்குள் இருப்பதை உறுதி செய்து, தொப்பியில் செருகி, இயந்திரத்தின் உலோகப் பகுதியைத் தொடும்படி வைத்து உதைத்தேன். பெட்ரோல் ஆவி வரும் துளையிலிருந்து பிளக்கைத் தள்ளி வைக்க வேண்டும் என்று மாமா இருமுறை எச்சரித்தார். பொறி நீலமாக, தடிப்பாக வந்தது. மாலையில் வண்டி திக்கி அணைந்தவுடன் அதையே செய்தேன். பொறி மஞ்சளாக, மெலிந்து, இரண்டு உதைக்கு ஒரு முறை வந்தது.

மாமா சிரித்தார். "இப்போதான் வாய் திறக்குது," என்றார்.

கருகிய பாயிண்டைக் கொண்டுவரச் சொல்லி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒரு முகத்தில் சிறு குழி. எதிர் முகத்தில் சிறு மேடு. ஒரு பக்கத்து உலோகம் மறுபக்கத்தில் போய் ஒட்டியிருந்தது. அது கண்டென்சரின் வேலை என்றார்.

பாயிண்ட் திறக்கும் கணத்தில் மின்னோட்டம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அந்த மின்னை அக்கணத்தில் தன்னுள் வாங்கிக்கொள்வது கண்டென்சர். அது வாங்கிக்கொண்டால்தான் காயிலில் மின்னோட்டம் சட்டென்று அறுபடும். சட்டென்று அறுபட்டால்தான் பிளக்கில் வலுவான பொறி பிறக்கும். கண்டென்சரின் உள்ளே இருக்கும் காப்புப் படலம் ஈரத்தாலோ முதுமையாலோ தளர்ந்துவிட்டால், குளிர்ந்திருக்கும்போது தாக்குப்பிடிக்கும், சூடேறியதும் கசியும். அப்போது பாயிண்டிலேயே பொறி தெறித்து அதைக் கருக்கும். பிளக்கில் பொறி மெலியும். நான் பாயிண்டை எத்தனை முறை தேய்த்திருந்தாலும், புதிதாக எத்தனை வாங்கிப் போட்டிருந்தாலும் அவை கருகிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

"வெள்ளத்திலே ஈரம் ஏறியிருக்கும். இல்லேன்னா வயசு. எதுவானாலும் வண்டி மேலே குத்தம் இல்லே," என்றார்.

பழைய கண்டென்சரின் இணைப்பைப் பிரித்துவிட்டு, தம் பழைய பெட்டியிலிருந்து எடுத்து வந்த வேறொன்றை வெளியிலேயே கம்பியால் இணைக்கச் சொன்னார். பாயிண்டைத் துடைத்து, இடைவெளியை 0.35 மி.மீ. அளவில் வைத்தேன். வேறெதையும் தொடக் கூடாது என்பது அவர் கட்டளை. அன்று மாலை ஆயர் ஈத்தாம் சந்தை வரை போய்த் திரும்பினேன். பிறகு இன்னொரு முறை போனேன். வண்டி ஒரு முறையும் திக்கவில்லை. மாமாவுக்குத் தெரியாமல் மூன்றாம் முறையும் போய்வந்தேன். மகிழ்ச்சியில் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய கண்டென்சரின் விலை நான் முன்பு செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அன்றிரவு அப்பாவின் 555 குறிப்புப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். மேல் அலமாரியில் இருந்ததால் அவை வெள்ளத்திற்குத் தப்பியவை. எண்ணெய் மாற்றிய தேதிகள் மட்டுமே இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்பா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவருடைய கோணல் எழுத்தில், 'மழையில் மட்டும் இருமல்', 'ஏற்றத்தில் இழுவை இல்லை, இறக்கத்தில் சரி', 'காலையில் நன்று' என்ற குறிப்புகள் இருந்தன. என்ன மாற்றினார் என்பதற்கு முன்பே, எப்போது என்பதை எழுதியிருந்தார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் செயலாய்வு கற்பித்தார்கள். திட்டமிடு, செயற்படு, உற்றுநோக்கு, சிந்தி என்ற சுழற்சியைத் தேர்வுக்காக மனனம் செய்தேன். 'மருந்து' அதிகாரத்தில், நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்த பின்பே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் வகுத்த முறையை மாணவர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். ஆயினும் கையில் திருப்பி கிடைத்தவுடன் நான் முதலில் செய்தது, மூன்று பொருள்களை மாற்றியதுதான்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன்.

என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன். பெயர் வேண்டாம். வாசிப்பில் தடுமாறுபவன். வரி தாவுவான், தெரிந்த சொல்லிலேயே நிற்பான், பாதியில் மௌனமாகிவிடுவான். நான் அவனை முன்வரிசைக்கு மாற்றினேன். கூடுதல் பயிற்சி நூல் கொடுத்தேன். நாள்தோறும் வீட்டில் இரண்டு பக்கம் வாசித்து, ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தேன். தடுமாற்றம் கூடியது. குறைநீக்கல் வகுப்பிற்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் அவன் பெயரை எழுதி, கையொப்பம் மட்டும் போடாமல் வைத்திருந்தேன்.

குறைநீக்கல் வகுப்பு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. தேவைப்படும் பிள்ளைக்கு அது பெருந்துணை. ஆனால் எட்டு வயது கடந்த பிள்ளையை நண்பர்களிடமிருந்து பிரித்து வேறு அறைக்கு அனுப்பும் முன்பு, நாம் உறுதியாக அறிந்திருக்க வேண்டும். நான் அறிந்திருக்கவில்லை. என் தமிழ்ப் பாடவேளைகள் பெரும்பாலும் ஓய்வு நேரத்திற்குப் பின்பே அமைந்திருந்தன. அவனை நான் சோதித்ததெல்லாம் அந்த வேளையில்தான்.

எப்போது திக்குகிறது?

மறுவாரம் ஒரு 555 புத்தகம் வாங்கினேன். சக ஆசிரியரிடம் கேட்டு, இரண்டு வாரங்களுக்கு ஒரு பாடவேளையை மாற்றிக்கொண்டேன். காலை முதல் பாடத்தில் பத்து வரி. நண்பகலுக்கு முன் அதே அளவில் வேறு பத்து வரி. வேறெதையும் மாற்றவில்லை. காலையில் அவன் வாசித்ததைக் கேட்டபோது எனக்கு வெட்கமாயிற்று. ஓரிரு இடத்தில் ற, ர குழப்பம். வேறு குறை இல்லை. நண்பகலில் அதே பிள்ளை மூன்றாவது வரியிலேயே நின்றான்.

அவன் தாயாரை அழைத்துப் பேசினேன். இம்முறை அவன் என்ன செய்யவில்லை என்று நான் தொடங்கவில்லை. அவனுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவர் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை வேலை செய்பவர். தொழிற்சாலைப் பேருந்து வருவதற்கு முன்பு, விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் மகனை எழுப்பிப் பாட்டி வீட்டில் விட வேண்டும். இரவு எட்டு மணிக்குமேல்தான் வீடு திரும்புவார். சமைத்து, உண்டு, அதன் பிறகே பிள்ளையோடு அமர்வார்.

"நீங்க கொடுத்த பயிற்சிய முடிக்கவே பதினொரு மணி ஆயிடுது டீச்சர். முடிக்காம தூங்க மாட்டேன்னு அழுவான்," என்றார்.

என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை. தூக்கம் போதாத பிள்ளைக்கு நான் கொடுத்த மருந்து, அவனுடைய தூக்கத்தில் இன்னும் ஒரு மணி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. கருகும் பாயிண்டை அரம் வைத்துத் தேய்த்தவளும் நான்தான்.

கூடுதல் பயிற்சியை நிறுத்தினேன். வீட்டுப்பாடத்தைப் பள்ளி முடிந்ததும் பாட்டி வீட்டிலேயே முடிக்கும் அளவுக்குச் சுருக்கினேன். ஒன்பது மணிக்குள் படுக்க வைப்பதாகத் தாயார் ஒப்புக்கொண்டார். எல்லா நாளும் முடிவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பட்டியலில் அவன் பெயருக்கு நேராக, ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்ப்போம் என்று துணைத் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் இசைந்தார்.

அந்த ஒரு மாதம் சென்ற வாரம் முடிந்தது. அவன் வகுப்பில் முதல் மாணவனாகிவிடவில்லை. நீண்ட வாக்கியம் வந்தால் இன்னும் மூச்சு வாங்குகிறான். ற, ர குழப்பம் அப்படியே இருக்கிறது. அது குறைதான், அதற்குப் பயிற்சி வேண்டும், கொடுக்கிறேன். ஆனால் நண்பகலில் பத்து வரியையும் வாசித்து முடிக்கிறான். அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று நாங்கள் சொல்வோம். எப்போது என்பதை அறிய உங்கள் துணை வேண்டும். எத்தனை மணிக்கு எழுகிறது, எப்போது உண்கிறது, யாரிடம் வளர்கிறது என்பதை ஆசிரியரிடம் கூசாமல் சொல்லுங்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று: அந்த விவரங்களைக் கேட்பதற்கு முன்பு பயிற்சி நூலை நீட்டாதீர்கள். நீட்டினாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பொங்கலன்று தம்பி வந்திருந்தான். வண்டியைக் கிளப்பிக் காட்டினேன். விலையைப் பற்றி அவன் பேசவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு சுற்றுப் போனான். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவன் வரும் ஓசையைத் தெருமுனையிலேயே கேட்டேன்; சீராகவே இருந்தது. 555 புத்தகத்தில் தேதியிட்டு, 'சூட்டிலும் நன்று' என்று எழுதி வைத்தேன்.